கொசஸ்தலையும் குசஸ்தலியும் ஒண்ணுதான்டா

அன்புள்ள மச்சான்,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். போன்ல பேசலாம்னா இங்க டவர் பாதியில கட் ஆகுது, அதான் டைப் பண்றேன். எல்லாரும் சவுக்கியம். அம்மாவுக்கு முட்டி வலிதான், ஆனா காலைல பால்காரர்கிட்ட தெலுங்குல சண்டை போடற தெம்பு இன்னும் இருக்கு. பெரியவன் ஸ்ரீபெரும்புதூர்ல வேலைக்கு சேந்துட்டான், நைட் ஷிப்ட், ஞாயித்துக்கிழமை வந்தா தூங்குறதோட சரி.

மணலி புதுநகர்ல உங்க ஏரியாவுல போற ஆறும் பள்ளிப்பட்டுல நாம ஊத்து தோண்டி விளையாடுன ஆறும் ஒண்ணானு கேட்ட இல்ல? சாட்சாத் அதேதான்டா, நம்ம கொசஸ்தலை ஆறு. மேல சித்தூர் மலைப்பக்கம் கார்வேட்நகரம் கிட்ட அணையில இருந்து விட்டா நம்ம ஊருக்கு வரும், அப்புறம் மறுபடி ஆந்திராவுக்குள்ள நகரி பக்கம் போயிட்டு, திரும்ப நம்ம பக்கம் திருத்தணி தாலுக்காவுல நுழைஞ்சு பூண்டி ஏரி, தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர்னு சுத்தி உன்கிட்ட வந்து எண்ணூர் முகத்துவாரத்துல கடல்ல விழுது. பாஸ்போர்ட்டும் வேணாம் பர்மிட்டும் வேணாம், பார்டரை எத்தனை தடவை வேணா தாண்டும்.

பேருதான் குழப்பம். நம்ம கவர்மெண்ட்டு பேப்பர்ல கொசஸ்தலை, ஊர்ல பெருசுங்க வாயில கொசத்தலை, நகரியில கேட்டா குசஸ்தலி. வெள்ளைக்காரன் காதுல எப்படி விழுந்துச்சோ அவன் கோர்டலையார்னு எழுதி வெச்சுட்டுப் போயிட்டான், தொல்லியல்காரங்க இன்னிக்கும் கட்டுரையில அப்படித்தான் எழுதுறாங்க. லவா, குசானு ரெண்டு ஆறு சேர்ந்துதான் இது ஆச்சுன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்களே, ஞாபகம் இருக்கா? ராமாயணத்தை எங்கதான் ஒட்டாம விட்டாங்க. சரி ஆத்தை விடு, மேல இருக்கற அணைக்கே ரெண்டு பேருடா, கிருஷ்ணாபுரம் அணைன்னு ஒரு பேப்பர்ல போடறான், அம்மபள்ளி அணைன்னு இன்னொரு பேப்பர்ல போடறான், படிக்கறவன் ரெண்டு அணையும் நிரம்பிடுச்சுன்னு பதறுவான்.

எங்க பொறக்குதுன்னு கேட்டாலும் தகராறுதான். பாலாத்துல இருந்து தண்ணி வாங்குற காவேரிப்பாக்கம் ஏரி பக்கம்தான் ஆரம்பம்னு சில புஸ்தகத்துல இருக்கும், அந்த கிளை கேசாவரம் அணைக்கட்டுல பிரிஞ்சு ஒரு கை கூவமா போகும், இன்னொரு கை பூண்டிக்கு வரும். அந்தக் கணக்குல சித்தூர்ல இருந்து வர்ற நம்ம ஆறு வெறும் துணை ஆறு. பாலாறே ஒரு காலத்துல இந்த வழியாதான் ஓடுச்சு, அதான் இதுக்கு விருத்த க்ஷீர நதி, அதாவது பழைய பாலாறுன்னு பேருன்னும் சொல்றாங்க. நான் நம்ம கிளைக்குத்தான் ஓட்டு போடுவேன், வெள்ளம் வர்றது அதுலதானே.

ஆத்தோட வயசுக்கு முன்னாடி இந்த பார்டர் எல்லாம் நேத்து பெஞ்ச மழை. பூண்டிக்குப் பக்கத்துல அத்திரம்பாக்கத்துல 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு வெள்ளைக்கார நிலவியல் ஆய்வாளர் ஆதி மனுஷனோட கல் ஆயுதம் கண்டுபிடிச்சார், அங்க கிடைச்சதுல பழசு 15 லட்சம் வருஷம்னு 2011ல அறிவிச்சாங்க. நம்ம தாத்தா கதையைப் பாரு, 1953ல ஆந்திரா தனியா பிரிஞ்சப்ப பள்ளிப்பட்டு சித்தூர் ஜில்லாவோட அங்க போச்சு, ம.பொ.சி. ஆளுங்க திருத்தணிக்காகப் போராடி, எல்லைத் தகராறுல படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திரும்ப இங்க சேர்ந்தோம். தாத்தா வீட்டை விட்டு நகரவே இல்ல, ஸ்டேட்டு மட்டும் மாறிட்டே இருந்துச்சு.

இப்ப உனக்கு உபயோகமான விஷயம். உன் ஏரியாவுல வெள்ளம் வருமானு மெட்ராஸ் மழையை மட்டும் பாத்துட்டு உக்காராத. அம்மபள்ளியில ஷட்டர் தூக்குனா இங்க நெடியம், சொரக்காய்பேட்டை தரைப்பாலத்து மேல செம்மண் கலர்ல தண்ணி ஏறும், பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி ரெண்டு கரையிலயும் ஜனம் கூடிடும், போலீஸ் பேரிகேட் போட்டுடுவாங்க. அதெல்லாம் நேரா பூண்டிக்குத்தான் போகுது. 1944ல கட்டுன ஏரி, 35 அடி, 3,231 மில்லியன் கன அடிதான் கொள்ளளவு, அதுலயும் 1996ல இருந்து கிருஷ்ணா தண்ணி வேற கால்வாயில வந்து சேருது. ஏற்கெனவே நிரம்பி இருந்தா வர்ற தண்ணியை அப்படியே திறந்து விடத்தான் செய்வாங்க, 2021 நவம்பர்ல உங்க புதுநகர்ல வீட்டுக்குள்ள வந்ததும் அந்தத் தண்ணிதான். அதனால அக்டோபர் வந்தா தினம் பூண்டி மட்டத்தைப் பாரு, நானும் இங்க பாலம் முழுகுனா உடனே போட்டோ அனுப்பிடறேன், உனக்கு சாமான் மேல ஏத்த டைம் கிடைக்கும்.

ஆனா மத்த மாசம் இங்க வெறும் மணல்தான். 2022ல ஆந்திராவுல இதுக்கு மேல இன்னும் ரெண்டு அணை கட்டப் போறாங்கன்னு ஸ்டாலின் ஜெகனுக்கு லெட்டர் எழுதுனார் இல்ல, அதுல இருந்து டீக்கடையில அதே பேச்சு. நகரியில இருக்கற மாமா அவங்க ஊர் போர்வெல் எல்லாம் காயுதுன்னு சொல்றார், அதுவும் பொய் இல்ல. இங்க ஏற்கெனவே 400 அடி தாண்டியும் காத்துதான் வருது. அணை வந்துட்டா உனக்கு வெள்ளம் குறையலாம், எங்க கிணத்துக்கு ஊறுற கொஞ்சமும் போயிடும்.

தங்கச்சி உடம்பு இப்ப எப்படி இருக்கு? சுகர் டெஸ்ட் எடுத்தாளா? சின்னவளுக்கு திருத்தணி காலேஜ்ல சீட் விசாரிக்கச் சொன்னியே, அப்ளிகேஷன் வாங்கி வெச்சிருக்கேன், மார்க் ஷீட் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி அனுப்பு.

இப்படிக்கு
உன் மச்சான்