லெந்து (தவக்காலம்) கடைசி வாரம் - ஹாஸ்டல் ஜெபக்குழு அறிவிப்பு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம் மக்கா. குருத்தோலை ஞாயிறு மார்ச் 29, பெரிய வெள்ளி ஏப்ரல் 3, ஈஸ்டர் 5. நாள் நெருங்கிட்டு, கொஞ்சம் கவனமா படிங்க.

1. சனிக்கிழமை (28) சாயங்காலம் 5 மணிக்கு மாடி ஹாலுக்கு வாங்க, ஓலைச் சிலுவை மடிக்கணும். உடன்குடி பசங்க பனங்குருத்து கொண்டு வாராங்க. போன வருஷம் வெயில்ல போட்டு வச்சு எல்லாம் மடிக்கும்போதே ஒடிஞ்சு போச்சு, அதனால இந்த தடவ ஈரத்துணில சுத்திதான் வைக்கணும், மறந்துராதீங்க.

2. திங்கக்கிழமை இன்டர்னல் பரீட்சை இருக்குன்னு தெரியும். அதனால சனிக்கிழமை 7 மணிக்கு விட்டுருவோம், புக்கையும் எடுத்துட்டு வாங்க.

3. பெரிய வெள்ளி 12லேர்ந்து 3 மும்மணி ஆராதனை. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் கோயிலுக்கு 11 மணிக்கே நடந்து போறோம், லேட்டா போனா வெயில்ல வெளியதான் நிக்கணும். வெள்ளை டிரஸ் போடுங்க.

4. அன்னைக்கு உபவாசம் இருக்கவங்க முந்தின நாள் வியாழன் (ஏப்ரல் 2) காலைக்குள்ள மெஸ்ல பேர் குடுங்க, சோறு வீணாகக் கூடாது. மாத்திரை சாப்பிடுறவங்க பட்டினி கிடக்க வேண்டாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.

5. அந்த ஆராதனைல வாசிக்கிற, இயேசு சிலுவைல சொன்ன ஏழு வார்த்தைல ரெண்டாவதுக்கும் அஞ்சாவதுக்கும் வாசிக்க ஆள் வேணும். ஃபர்ஸ்ட் இயர் யாராச்சும் வாங்கப்பா, எப்பவும் நாங்களேவா?

ஊருக்குப் போறவங்க, இங்க இருக்கவங்க ரெண்டு பேரும் இந்த வியாழன் (மார்ச் 26) நைட்டுக்குள்ள ரிப்ளை பண்ணுங்க. வெறும் தம்ஸ் அப் போட்டா எதுக்குன்னே புரியல.