நெடுந்தீவுக் குதிரைகளுக்குக் கோடைக்கு முன்பே தண்ணீர் வேண்டும்

நெடுந்தீவின் நிர்வாகத்தையும் வனவிலங்குகளையும் சுற்றுலாவையும் கவனிக்கும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம். போன ஆவணியில் குடும்பத்தோடு, யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் நெடுந்தீவுக்கு ஒரு நாள் பயணம் போனோம். அங்கே கட்டற்றுத் திரியும் குதிரைகளைப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபடியால்தான் போனது. அங்கே கண்டதை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

போகும் வழி அருமையான வழி. விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் வாகனத்தை எடுத்தால், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடலைப் பார்த்துக்கொண்டே குறிகட்டுவானுக்குப் போய்விடலாம். வாகனத்தை இறங்குதுறையில் விட்டுவிட்டுப் படகில் ஏறினால் இன்னும் ஒரு மணி நேரம். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டது இதே கடலில்தான். என் வயதுக்காரர் யாரும் அதை நினைக்காமல் இந்தக் கடலைத் தாண்டுவதில்லை. எங்கள் படகில் பாதிப்பேர் தீவு ஆட்கள், அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டருமாக வந்தார்கள். மற்றவர்கள் எங்களைப் போலக் குதிரை பார்க்க வந்தவர்கள்.

முருகைக்கல் அடுக்கிய வேலிகளையும் பெருக்குமரத்தையும் இடிந்த கோட்டையையும் பார்த்துவிட்டு, தீவின் தெற்குப் பக்கத்து வெளிக்குப் போனோம். புல் முழுவதும் காய்ந்து கிடந்தது. தூரத்தில் ஒரு பள்ளத்தைச் சுற்றிக் குதிரைகள் நின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் அது வற்றிப்போன குளம். நடுவில் கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். ஒரு பெண்குதிரை முன்னங்காலால் அந்தச் சேற்றைத் தோண்டித் தோண்டி, ஊறிவந்த கலங்கல் தண்ணீரில் வாயை வைத்தது. அதன் விலா எலும்புகளை எண்ணலாம் போல இருந்தது. குட்டி பின்னால் நின்றது, அதற்கு முறை வரவில்லை. எங்களுக்கு முன்பே வந்திருந்த ஒரு கூட்டம் நல்ல படம் எடுப்பதற்காக வாகனத்தை அவற்றின் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனது. குதிரைகள் அந்தச் சேற்றையும் விட்டுவிட்டு ஓடின.

அவை தாமாக அந்தத் தீவுக்கு வரவில்லை. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் மனிதர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற அதிகாரி தீவை நிர்வகித்தபோதும் அங்கே குதிரை வளர்ப்பு நடந்தது. லாயத்தின் கல்தூண்கள் இன்றைக்கும் நிற்கின்றன. தேவை முடிந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. நீந்தி வேறு இடத்துக்குப் போக முடியாத விலங்கைத் தீவில் கொண்டுபோய் விட்டது மனிதர் செய்த வேலை என்பதால், அதைக் காப்பதும் மனிதர் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

நெடுந்தீவின் நிலம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. அடியில் சுண்ணாம்புக்கல், மேலே மெல்லிய மண். ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான சேமிப்பு. வைகாசியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுத் தொடங்கினால் குளங்கள் கண்ணுக்கு முன்னாலேயே சுருங்கும். கிணறுகளில் உவர் ஏறும். சிறிய குதிரை என்றாலும் வெயில் காலத்தில் அதற்கு ஒரு நாளைக்கு 20 லீற்றர் அளவிலாவது தண்ணீர் வேண்டும்.

2015இல் தீவின் ஒரு பகுதி, 1,800 ஹெக்டேயருக்கு மேல், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். நிலத்தை யாரும் பிடிக்காமல் இருக்க அது உதவும். ஆனால் கோடையில் குளத்தில் தண்ணீர் நிற்க வேறு வேலை வேண்டும், அந்த வேலை மழைக்கு முன்பே நடக்கவேண்டும். குளங்களையும் துரவுகளையும் ஆடி, ஆவணியில் தூர்வாரினால் ஐப்பசி மழையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கலாம். குதிரைகள் செத்து விழுந்து செய்தி வந்த பிறகு பவுசரில் தண்ணீர் கொண்டுபோவது பிந்திய வேலை. வைகாசி பிறக்கும்போதே சீமெந்துத் தொட்டிகள் நிரம்பி இருக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தின் பழைய வீதிகளில் கேணிக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும், மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் இன்னும் பல இடங்களில் நிற்கின்றன. வழியில் போகும் வாயில்லாப் பிராணிக்குத் தண்ணீர் வைப்பதை எங்கள் ஆட்கள் ஊர்க் கடமையாகச் செய்தார்கள். இது எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தரவேண்டிய விடயமே இல்லை.

மனிதருக்கே நல்ல தண்ணீர் கஷ்டமான தீவில் குதிரைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தீவு மக்களின் குடிநீரில் ஒரு சொட்டைக்கூடக் குதிரைக்காக எடுக்கக்கூடாது. அவர்களுடைய மாடுகளும் அதே வெளியில்தான் மேய்கின்றன, அதே குளத்தில்தான் குடிக்கின்றன, அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கொஞ்சம் உவர்ப்பான தண்ணீரையும் குதிரை குடிக்கும். மழைநீரைப் பிடித்துவைக்கும் குளம் குதிரைக்கும் உதவும், மாட்டுக்கும் உதவும், பக்கத்துக் கிணறுகளுக்கும் உதவும்.

பணத்துக்கு ஒரு வழி எங்களிடமே இருக்கிறது. குதிரை பார்க்க வரும் எங்களைப் போன்றவர்களிடம் ஆளுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குங்கள், மறுக்கமாட்டோம். அந்தக் காசு எந்தக் குளத்துக்குப் போனது, எந்தத் தொட்டிக்குப் போனது என்று இறங்குதுறையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் போடுங்கள். வேலையைத் தீவு ஆட்களுக்கே கொடுங்கள், எந்தக் குளம் எப்போது வற்றும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புல்வெளிக்குள் வாகனம் இறங்காதபடி எல்லைக்கல் நட்டுவிட்டால் மிச்சத் தூரத்தை நாங்கள் நடக்கிறோம்.

உங்களில் யாருக்கு எந்தப் பகுதி பொறுப்பு என்பதை நீங்களே ஒருமுறை கூடி இருந்து தீர்மானியுங்கள். அந்தக் கூட்டத்துக்குத் தீவு மக்களையும் கூப்பிடுங்கள். இந்த முறை எத்தனை குளம் தூர்வாரப்படும், எந்தத் திகதிக்குள் என்று வருகிற ஆடிக்கு முன் பகிரங்கமாக அறிவியுங்கள். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்கு வந்துபோன ஒருவர்