22 வாரக் குழந்தையும் உன் கேள்வியும்

அன்புள்ள கண்ணுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். அப்பா பக்கத்தில் இருந்தார் என்று பாதியில் நிறுத்திவிட்டு, மாடிக்குப் போய் மீதியைக் கேட்டேன். போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், கடைசியில் “சாப்பிட்டயா” என்பதில் வந்து முடியும். அதனால் மெயிலாகவே எழுதிவிடுகிறேன். டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து படி.

கர்ப்பத்தின் 22 வாரமும் சில நாட்களும் ஆனபோதே பிறந்துவிட்ட குழந்தை. பெற்றவர்கள் மூச்சு டியூப், வென்டிலேட்டர் எதுவும் வேண்டாம் என்றார்கள். உங்கள் கன்சல்டன்ட், அதாவது உன் மேல் டாக்டர், சரி என்றார். துணியில் சுற்றி அந்த அம்மாவின் நெஞ்சில் வைத்தீர்கள். கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நீ பக்கத்திலேயே நின்றிருக்கிறாய். டியூப் போடத் தெரிந்த கை சும்மா இருந்தது. “ஜப்பான்ல பொறந்திருந்தா பொழைச்சிருக்கும்மா” என்கிறாய். கன்சல்டன்ட் செய்தது சரியா தப்பா என்று கேட்கிறாய்.

பிழைத்திருக்கலாம். ரெண்டு மாதம் ஊசியும் குழாயுமாகக் கிடந்துவிட்டுப் போயும் இருக்கலாம். நீ முதலாவதை மட்டும் சொல்கிறாய், நர்ஸாக நான் ரெண்டையும் சேர்த்தே பார்த்துப் பழகியவள்.

எத்தனை வாரத்தில் பிறந்தால் காப்பாற்ற முயல்வது என்கிற கோடு நாட்டுக்கு நாடு மாறுவது எனக்கும் உறுத்துகிற விஷயம்தான். ஜப்பானில் 1991-லேயே 22 வாரம் என்று இறக்கிவிட்டார்கள். நெதர்லாந்தில் 2010 வரை 25 வாரம், அப்புறம்தான் 24. உங்கள் பிரிட்டனில் 2006-ல், மருத்துவ தர்மத்தை ஆராயும் நஃபீல்ட் கவுன்சிலின் அறிக்கை, 22 முடிந்து 23 முடியாத குழந்தைக்குப் பெற்றோரே எல்லாம் தெரிந்துகொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாலொழிய தொடங்க வேண்டாம் என்றது. 2019-ல் உங்கள் பெரினேட்டல் (பிரசவ, பச்சிளங்குழந்தை மருத்துவ) சங்கமே அதை மாற்றி, வாரத்தை மட்டும் பார்க்காதீர்கள், எடை, ஆணா பெண்ணா, ஒற்றையா இரட்டையா, குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சா, எந்த ஆஸ்பத்திரியில் பிறக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்றது. இதையெல்லாம் நீ என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய்.

ஸ்வீடன் கணக்கு ஒன்று உண்டு. 2004 முதல் 2007 வரை பிறந்த குழந்தைகள். உயிரோடு பிறந்த 22 வாரக் குழந்தைகளில் ஒரு வயதைத் தொட்டது நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. 23 வாரத்தில் பாதிக்கு மேல். இதைக் காட்டித்தான் பலர் கோடு போடுகிறார்கள். ஆனால் அந்த 22 வாரக் குழந்தைகளில் பாதிக்கு மேல் ஐசியூவுக்கே போகவில்லை. பிழைக்காது என்று கை வைக்கவில்லை. கை வைக்காததால் பிழைக்கவில்லை. அதையே கணக்காக எழுதி அடுத்த குழந்தைக்குக் காட்டினார்கள். உன் கோபத்தில் நியாயம் இருக்கிற இடம் இது. அதை நான் மறுக்க மாட்டேன்.

இன்னொன்று. அந்த ‘வாரமும் சில நாளும்’ எவ்வளவு திடமானது? அங்கே எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுக்கிறார்கள், அப்படியும் சில நாள் முன்னே பின்னே இருக்கும். இங்கே நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், “கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சம்மா?” என்று கேட்டால், “தைப்பூசத்துக்கு முந்தின வாரம் இருக்கும் சிஸ்டர்” என்பார்கள். அதை வைத்துத்தான் கேஸ் ஷீட்டில் வாரம் எழுதுவோம். அதை வைத்துத்தான் ஓடுவதா நிற்பதா என்பதும்.

முயன்று பார்த்தவர்களால்தான் கோடு இவ்வளவு தூரம் இறங்கியது என்பதும் உண்மை. 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் 34 வாரத்தில், 2 கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்து ரெண்டே நாளில் மூச்சுத்திணறி இறந்தான். இன்றைக்கு அப்படி ஒரு குழந்தை வந்தால் நம்ம ஊர் ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். 1971-ல் அமெரிக்க டாக்டர் கிரிகரி, காற்றழுத்தத்தால் மூச்சுப்பையை விரித்துவைக்கிற சீபாப் முறையைக் கொண்டுவந்தார். 1972-ல் நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் ஸ்டீராய்டு ஊசியைச் சொன்னார்கள். 1980-ல் ஜப்பானில் புஜிவாரா, மூச்சுப்பை ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற சர்ஃபாக்டன்ட் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கவைத்துக் காட்டினார். சரி. ஆனால் அதே ஆர்வம்தான் அதற்கு முன்னால், 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும், இன்குபேட்டருக்குள் ஆக்சிஜனை அள்ளிவிட்டு சுமார் 10,000 குழந்தைகளின் கண்ணைப் பறித்தது. நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் காரணம் ஆக்சிஜன் என்று ஊர்ஜிதமானது. இங்கே இன்றைக்கும் ஆக்சிஜன் அளவைச் சரியாகப் பார்க்காத இடங்களில், உங்கள் ஊரில் கண்ணைப் பற்றிக் கவலையே படாத எடையுள்ள குழந்தைகளுக்குக்கூடப் பார்வை போகிறது.

நீ டியூப் போடுவதைப் பற்றி மட்டும் யோசிக்கிறாய். டியூப் போட்ட பிறகு வருகிற ராத்திரிகள் எங்களுடையவை. பிளாஸ்திரியைப் பிரித்தால் தோலும் கூடவே வரும். 500 கிராம் குழந்தையின் உடம்பில் மொத்தமே 50 மில்லி அளவுதான் ரத்தம். டெஸ்டுக்கு எடுக்கிற அரை மில்லியையும் ஷீட்டில் எழுதிக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். மூன்று நாளைக்குள் தலையில் ரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். டாக்டர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்க்கிற மாதிரி நிற்போம். இதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் தராசில் வை என்கிறேன்.

இப்போது உன் கன்சல்டன்டுக்கு வருகிறேன். அவர் செய்தது தப்பா சரியா என்று நீ கேட்கிறாய். பெற்றவர்களிடம் அவர் எப்படிக் கேட்டார் என்பதை நீ சொல்லவே இல்லை. எனக்கு முக்கியம் அதுதான்.

நர்சிங் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும்போது அமெரிக்க வழக்குகள் ரெண்டைச் சொல்வேன். டெக்சாஸ் ஹூஸ்டனில் 1990-ல் 23 வாரத்தில் ஒரு பெண் குழந்தை, 615 கிராம். பெற்றவர்கள் முன்கூட்டியே பெரிய முயற்சி எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பிறந்த அறையில் இருந்த டாக்டர் மூச்சு கொடுத்துக் காப்பாற்றினார். மூளையில் ரத்தக்கசிவு, வாழ்நாள் முழுக்கக் கடுமையான ஊனம். பெற்றவர்கள் கேஸ் போட்டார்கள். ஜூரி அவர்கள் பக்கம் நின்று கோடிக்கணக்கான டாலர் கொடுக்கச் சொன்னது. 2003-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், பிறந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது, அந்த அவசரத்தில் டாக்டர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆஸ்பத்திரி பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்னொன்று மிச்சிகனில், 1994. 25 வாரம். அப்பாவே ஒரு டாக்டர். வேண்டாம் என்று சொல்லியும் வென்டிலேட்டர் வைத்தார்கள். அவர் தன் கையாலேயே அதைக் கழற்றினார். திட்டமிடாத கொலை (மேன்ஸ்லாட்டர்) என்று குற்றம் சாட்டினார்கள், அடுத்த வருடம் ஜூரி விடுதலை செய்தது. ஒரே தேசம். ஓரிடத்தில் பெற்றவர்கள் சொல் எடுபடவே இல்லை, இன்னோரிடத்தில் கழற்றிய கைக்குத் தண்டனை இல்லை. சட்டத்தைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே.

பெற்றவர்களைக் கேட்காமல் டாக்டரே முடிவெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. குளிப்பாட்டி, சோறூட்டி, முப்பது வருஷம் தூக்கிச் சுமக்கப் போகிறவர்கள் அவர்கள். ஆனால் இப்போது நாகரிகமாக நடக்கிற இன்னொன்று அதைவிட எனக்குக் கசக்கிறது. வராந்தாவில் நிற்கிற இருபத்திநாலு வயசுப் பையனிடம் சதவீதத்தை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, “நீங்க என்ன முடிவு பண்றீங்க?” என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. உரிமை கொடுக்கிறோமாம். அந்தப் பையன் மாமியாரைப் பார்ப்பான், போனைப் பார்ப்பான், கடைசியில் நம்மையே பார்த்து, “உங்க குழந்தையா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்பான். அதற்குப் பலர் பதில் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் யூனிட்டில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரில் உட்காருவார். முதலில் அவர்களைப் பேசவிடுவார்: வீட்டில் யார் இருக்கிறார்கள், இது எத்தனையாவது, எவ்வளவு நாள் காத்திருந்து வந்தது. அப்புறம் சொல்வார்: “நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். இதுக்கு மேல இந்தக் குழந்தையைக் குத்த வேண்டாம்னு எனக்குத் தோணுது. உங்களுக்குச் சம்மதமில்லைன்னா சொல்லுங்க, தொடர்ந்து பார்ப்போம். சம்மதம்னா நாளைக்கு ஊர்ல யார் கேட்டாலும் டாக்டர் சொன்னார்னு சொல்லுங்க.” எதிர்ப்பக்கமும் அப்படித்தான்; ‘முயன்று பார்க்கலாம், மூணு நாள் கழித்து மறுபடி உட்காருவோம்’ என்பதையும் தன் வாயால்தான் சொல்வார். ‘டாக்டர் சொன்னார்னு சொல்லுங்க’ என்ற அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அந்த அப்பன்மார்கள் தோள் இறங்குவதை நான் கவனித்திருக்கிறேன். முடிவு மாறாது, வீட்டுக்குப் போய் இருபது வருஷம் அதோடு படுத்து எழுகிறவன் தனியாக இருக்க மாட்டான்.

‘முயன்று பார்க்கலாம், பிறகு நிறுத்தலாம்’ என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. தொடங்காமல் இருப்பதும் தொடங்கி நிறுத்துவதும் தர்மப்படி ஒன்றுதான் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். எழுதியவர் டியூபைப் பிடித்து இழுத்திருக்க மாட்டார் என்று நான் நினைப்பதுண்டு. கைக்கு ரெண்டும் ஒன்றில்லை. ஆனாலும் முயன்ற அந்த மூன்று நாள், பெற்றவர்களுக்குக் குழந்தையைப் பார்க்கக் கிடைக்கிற நாள்.

இங்கே பிரச்சினை, நிறுத்த யாரும் துணிவதில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது, 2023-ல் நடைமுறையைச் சுலபமாக்கியது. ஆனால் அதில் பேச்செல்லாம் பெரும்பாலும், ‘எனக்கு இப்படிச் சிகிச்சை வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கக்கூடிய பெரியவர்களைப் பற்றி. அதனால் என்ன நடக்கும் தெரியுமா? தனியார் ஆஸ்பத்திரியில் நகை அடகுக்குப் போய், நிலப் பத்திரமும் போன பிறகு, ‘டாக்டர் சொல்லை மீறி நாங்களே அழைத்துப் போகிறோம்’ என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நான் போன ஆம்புலன்ஸ் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. மலைப்பக்கத்துக் கிராமம். மடியில் குழந்தை, வழி முழுக்க நான் கையால் மூச்சு கொடுக்கிற ஆம்பு பையை அழுத்திக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் பாட்டி கை நீட்டினாள். அங்கே வைத்து டியூபை எடுத்தேன். சட்டப்படி அது ‘குடும்பத்தின் முடிவு’. பெண் குழந்தை என்றால் அந்தக் கையெழுத்து இன்னும் சீக்கிரம் விழும் என்பதையும் எங்கள் சிஸ்டர் எல்லோரும் அறிவார்கள், எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது. நீ வேலை செய்கிற இடத்தில் பில் இல்லை. அந்தப் பெற்றவர்கள் வேண்டாம் என்றது பணத்துக்காக இல்லை என்பதே உனக்குக் கொஞ்சம் நிம்மதி தர வேண்டும்.

உன்னை உறுத்த வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சரோஜ் சைகல் என்று நம் நாட்டிலிருந்து போன டாக்டர் கனடா ஹாமில்டனில், ஒரு கிலோவுக்குக் கீழே பிறந்தவர்கள் டீன்ஏஜ் ஆனபோது அவர்களையே கேட்டுப் பார்த்தார். கடுமையான ஊனத்தோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று டாக்டர், நர்ஸ், பெற்றோர், அந்தப் பிள்ளைகள் எல்லோரையும் மதிப்பெண் போடச் சொன்னார். 1999-ல் வந்த கட்டுரை. மிக மோசமான நிலைகளுக்குக் குறைவாகப் போட்டது டாக்டர்களும் நர்ஸுகளும்தான். பிள்ளைகளும் பெற்றவர்களும் அதைவிடக் கூடுதலாகப் போட்டார்கள். ஆகவே “பாவம், இது வாழ்ந்து என்ன பண்ணும்” என்று எனக்கோ உனக்கோ தோன்றினால், அந்த எண்ணத்தை அப்படியே பெற்றவர்கள் காதில் போடக் கூடாது. நம் கண் ஆஸ்பத்திரியில் கெட்டுப்போன கண்.

உன் மெசேஜை வைத்து நான் சொல்வதானால், அந்த இரவு செய்தது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் உன் கன்சல்டன்டிடம் போய், நீங்கள் அவர்களிடம் உங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னீர்களா, சதவீதம் மட்டும் சொன்னீர்களா என்று கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேள்.

அப்புறம் அந்த அம்மா. இந்த மெயில் வரும்போது அவளுக்கு மூணாவது நாளாக இருக்கும். 22 வாரம் என்றாலும் பால் கட்டும். குழந்தை டாக்டர்கள் யாரும் இதை நினைக்க மாட்டார்கள், குழந்தை போனதும் உங்கள் கேஸ் ஷீட் மூடிவிடும். பால் வற்ற இங்கே மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவோம். பாட்டி வைத்தியம் என்று சிரிக்காதே, பாலை நிறுத்துகிற புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. உங்கள் ஊரில் அதற்குக் கேபர்கோலின் மாத்திரை கொடுப்பார்கள். சில அம்மாக்கள் பால் வங்கிக்குக் கொடுக்க விரும்புவதும் உண்டு, அதையும் கேட்டால்தான் சொல்வார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தையை இழந்தவர்களைப் பார்க்கவென்றே ஒரு மிட்வைஃப் இருப்பார் இல்லையா, ஷிஃப்டுக்குப் போனதும் அவரைப் பிடித்து, யாராவது அவளிடம் இதைச் சொன்னார்களா என்று விசாரி. சொல்லவில்லை என்றால் இன்றைக்கே போன் போடச் சொல்.

அம்மா