அப்பத்தா 92 வயசு வரை இருந்தாங்க, அவங்க பறிகுடுத்த அஞ்சு புள்ளைங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். "அந்தக் காலத்துல கூழ் குடிச்சு எல்லாரும் நூறு வயசு இருந்தாங்க"ன்னு வாட்ஸ்அப்புல வர்றது போதாதுன்னு இப்ப பேப்பர்லயும் வர ஆரம்பிச்சிருச்சு, அதான் எழுதுறேன்.

எங்க அப்பா 61 வயசுல மாரடைப்புல போனப்ப எழவு வீட்டுலயே சொன்னாங்க, ஆத்தா கேப்பங்கூழ் குடிச்சு 92 வரை இருந்துச்சு, மவன் அரிசிச் சோறு தின்னு இப்பவே போயிட்டான்னு. எனக்கு அழுகையோட கோவமும் வந்துச்சு. அந்த அப்பத்தா பெத்தது ஒம்பது, மிஞ்சினது நாலு. அம்மை போட்டு ரெண்டு, பேதியில ஒண்ணு, அருவாளால கொடி அறுத்து சாணி வச்சு எட்டாம் நாளு இசிவு (டெட்டனஸ்) வந்து ஒண்ணு, இன்னொண்ணு எதனாலன்னு அவங்களுக்கே தெரியல. நூறு வயசுக் கணக்கு போடுறவங்க இந்த அஞ்சு பேரையும் எண்ணவே மாட்டாங்க.

சுதந்திரம் வாங்கினப்ப நம்ம நாட்டுல சராசரி ஆயுள் 32. அதுக்காக எல்லாரும் 32ல செத்தாங்கன்னு அர்த்தம் இல்ல, பத்துல அஞ்சு பால்குடியிலயே போயி மிச்ச அஞ்சு பேரு 70 வரை இருந்தாலும் சராசரி 35 கிட்டத்தான வரும். இப்ப அது 70 ஆனதுக்குப் பெரிய காரணம் கொழந்தைங்க பொழச்சதுதான், தடுப்பூசி, நல்ல தண்ணி, ஆஸ்பத்திரிப் பிரசவம். பச்சக் கொழந்தைக்கு வர்ற அந்த இசிவு நோயை இந்தியா ஒழிச்சிருச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் சொன்னதே 2015லதான்!

சாப்பாடுதான் எல்லாத்துக்கும் காரணம்னா மத்தியப் பிரதேசத்தைப் பாருங்க, அங்க பழங்குடி ஊருங்கள்ல இன்னிக்கும் வரகும் சாமையும் வெளையுது, திங்கவும் செய்றாங்க, ஆனா 2020 கணக்குப்படி பொறக்குற ஆயிரம் கொழந்தைல 43 ஒரு வயசு தாண்டல. கேரளாவுல 6, நம்ம ஊர்ல 13. சத்தீஸ்கர்ல பொறந்தவங்க சராசரி ஆயுள் 65ன்னா கேரளாவுல 75, ஒரே நாட்டுக்குள்ள பத்து வருச வித்தியாசம். பொம்பளப் புள்ளைங்க படிச்சது, பக்கத்துலயே ஆரம்ப சுகாதார நிலையம், ராத்திரியிலயும் நர்ஸ் இருக்குறது, இதெல்லாம்தான் வித்தியாசம். சிறுதானியம் நல்லதுதான், நானும் சாப்பிடுறேன், ஆனா அது தடுப்பூசி வேலையச் செய்யாது.

இந்தப் பேச்சை நம்பி எங்க சித்தப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டாரு, "எங்க ஆத்தா என்ன மாத்திரையா போட்டுச்சு"ங்குறாரு. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து மாத்திரை குடுக்குறாங்க, வாங்கி அலமாரியில வச்சிடுறாரு. அண்ணனுக்கு ஆனது தனக்கும் ஆகுமோன்னு பயமே இல்ல. 2017ல தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டப்பவும் இப்படித்தான் வதந்தி பரவி பல பெத்தவங்க வேணாம்னுட்டாங்க.

அதனால ஐயா, நூறு வயசுப் பாட்டி போட்டோ போடுங்க, சந்தோசம். கூடவே அந்தப் பாட்டி எத்தன பெத்தாங்க, எத்தன நின்னுச்சுன்னு உங்க நிருபரை ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிவகங்கை