வலி குறைந்த அந்த இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. மகள் தேர்வுக்கு ராப்பகலாகப் படிப்பதும், புது வேலையில் ஒருவழியாக நீ காலூன்றிவிட்டதும் சந்தோஷம். முழங்கால் வலி என்னவாயிற்று என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அண்ணனைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். உன் மைத்துனர் மகனுக்கு இதே குடல்வால் அழற்சி (அப்பென்டிசைட்டிஸ்) மருந்திலேயே சரியாகிவிட்டதே, அண்ணனுக்கு மட்டும் ஏன் வயிற்றைக் கிழித்தார்கள் என்பது ஒன்று. சாதாரண வயிற்றுவலிக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் தெரியும் என்பது இன்னொன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த காலத்தில் டாக்டரைத் துளைத்தெடுத்துக் கேட்டதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும் இருக்கின்றன. எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அண்ணனுக்கு முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வலி. இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றார். பசியைத் தள்ளிப்போடவே தெரியாத மனிதர் அவர், உனக்கே தெரியும். வாயுத்தொல்லை என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அப்புறம் ஒருமுறை வாந்தி. மறுநாள் வலி வலதுபக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது. இப்போது ஒரே விரலால் இடத்தைக் காட்டினார்.

வலி இப்படி இடம் மாறுவதுதான் இந்த நோயின் முக்கியமான அடையாளம். குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் ஒரு முட்டுச்சந்து. விரல் பருமன்கூட இருக்காது, நீளம் பெரும்பாலும் 8 முதல் 10 சென்டிமீட்டர். அதன் வாயைக் கெட்டிப்பட்ட மலத்துணுக்கு அடைத்துக்கொள்ளலாம். சின்ன வயதுக்காரர்களுக்கு அங்கேயுள்ள நிணநீர்த் திசுக்கள் வீங்கியும் அடைக்கலாம். உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கும், கிருமிகள் பெருகும், சுவர் உப்பும். இந்தக் கட்டத்தில் குடலின் நரம்புகள்தான் சேதி சொல்கின்றன. அவற்றுக்கு இடம் குறித்துச் சொல்லத் தெரியாது, அதனால் மூளைக்குத் தொப்புள் வலியாகவே போய்ச் சேருகிறது. அழற்சி முற்றி வயிற்றின் உள்சுவரைத் தொட்ட பிறகுதான் வலதுபக்கம் குறிப்பாக வலிக்கும். தொப்புளிலிருந்து வலது இடுப்பெலும்பின் முனைக்குக் கோடு போட்டால், அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி வரும் இடம். மக்பர்னி என்ற நியூயார்க் அறுவை மருத்துவர் 1889-இல் குறித்துச் சொன்னதால் இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

எல்லோருக்கும் இப்படிப் பாடப்புத்தகம்போல வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடல்வால் சிலருக்குப் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அப்போது விலாவிலோ முதுகுப் பக்கத்திலோ வலிக்கும். இடுப்புக்குழிக்குள் இறங்கியிருந்தால் சிறுநீர்க் கடுப்பு, வயிற்றுப்போக்கு என்று வேறு நோய்போலத் தெரியும். கர்ப்பிணிகளுக்கு வலி வழக்கத்தைவிட மேலே வரலாம். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. வயதானவர்களுக்கு வலியும் காய்ச்சலும் குறைவாகவே இருக்கலாம். இவர்களிடம்தான் நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, வெடிப்பதும் அதிகம்.

சரி, அண்ணன் கதைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் இரவு திடீரென்று வலி பாதியாகக் குறைந்தது. எழுந்து உட்கார்ந்து பேசினார். போனில் கேட்ட எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. அண்ணி மட்டும் நம்பவில்லை. 'வலி போயிருந்தால் ஏன் இன்னும் வலதுகாலை மடக்கியே வைத்திருக்கிறார்? ஏன் புரண்டு படுக்க மாட்டேன் என்கிறார்?' என்று கேட்டார். விடியும் முன்பே வண்டி பிடித்துவிட்டார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அண்ணன் பல்லைக் கடித்தாராம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று என்ன தெரியுமா? 'வரும்போது வண்டி குலுங்கியபோது வலித்ததா?'

அந்தக் குறைந்த வலிதான் வெடித்ததன் அடையாளம். உப்பிய குடல்வால் ஓட்டையானதும் உள்ளே இருந்த அழுத்தம் இறங்குகிறது, வலியும் இறங்குகிறது. சில மணி நேரம் கழித்து, வெளியே கசிந்த சீழும் மலக்கிருமியும் வயிற்றறை முழுக்கப் பரவும்போது நிலைமை தலைகீழாகிறது. போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்குக் குளிர்க்காய்ச்சல், நாடி படபடவென்று ஓடுகிறது, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. டாக்டர் இடதுபக்கம் மெல்ல அழுத்தினார், அண்ணன் வலதுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். வயிற்றறை உறை முழுக்க அழற்சி, அதாவது பெரிடோனைட்டிஸ். கிருமி ரத்தத்தில் ஏறினால் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். உயிர் போவது பெரும்பாலும் அந்த வழியில்தான். அண்ணனுக்குச் சர்க்கரை வேறு.

ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை எகிறியிருந்தது. சி.டி. ஸ்கேனில் குடல்வால் கிழிந்து, இடுப்புக்குழி வரை சீழ் தேங்கியிருப்பது தெரிந்தது. வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரவில்லை. டிரிப்ஸ் ஏற்றி, ஆன்டிபயாடிக் ஊசியும் வலிக்கு ஊசியும் போட்டார்கள். வலியைக் குறைத்தால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று அந்தக் காலத்தில் வலி ஊசியைத் தள்ளிப்போடுவார்களாம். அது தேவையில்லை என்று இப்போது தெளிவாகிவிட்டது. நல்லவேளை, அண்ணன் முனகலைக் கேட்டுக்கொண்டு வெளியே நிற்பது கொடுமை. சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியில் ஆரம்பித்தார்கள். குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததால் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. குடல்வாலை அறுத்தெடுத்து, சீழை உறிஞ்சி, உள்ளே கழுவி, ஒரு குழாயை வைத்து மூடினார்கள். மேல்தோலைக்கூட அன்றே முழுக்கத் தைக்கவில்லை. சீழ் பிடிக்கும் என்று கொஞ்சம் திறந்தே வைத்தார்கள்.

இனி உன் மைத்துனர் மகன் விஷயம். அவனுக்கு அழற்சி, ஆனால் வெடிக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்பது உண்மைதான். பின்லாந்தில் நடந்த ஆய்வில் மருந்து மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் 5 ஆண்டுகளுக்குள் சுமார் 39 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 90 நாளுக்குள்ளேயே 10 பேரில் 3 பேர் அறுவைக்குப் போனார்கள். குடல்வாலுக்குள் கெட்டி மலத்துணுக்கு இருந்தவர்களில் இது 10-க்கு 4. ஆக, கத்தி படாமல் தப்பித்தவர்களும் பலர், பிறகு திரும்பி வந்தவர்களும் பலர். அவன் அதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் தப்பில்லை. வலி திரும்பினால் அன்றே போக வேண்டும் என்று மட்டும் சொல்லி வை. வயிறு முழுக்கச் சீழ் பரவியவர்களை அந்த ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை. அண்ணனை அவனோடு ஒப்பிடவே முடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. வெடித்த இடத்தைச் சுற்றிலுமுள்ள குடலும் கொழுப்பும் மூடிக்கொள்ள, சீழ் ஒரே இடத்தில் கட்டியாக நிற்கும். நிலைமை கட்டுக்குள் இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்து, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே தோல் வழியாகக் குழாய் செலுத்திச் சீழை வடிப்பார்கள். சில வாரம் கழித்து, தேவை என்று பட்டால் குடல்வாலை எடுப்பார்கள். பிரிட்டன் மன்னர் 7-ஆம் எட்வர்டுக்கு 1902 ஜூனில் முடிசூட்டு விழாவுக்கு 2 நாள் முன்பு நடந்ததும் இதுபோலத்தான். டிரீவ்ஸ் என்ற அறுவை மருத்துவர் சீழை மட்டும் வடித்துவிட்டுக் குடல்வாலை விட்டுவிட்டார். மன்னர் பிழைத்து ஆகஸ்டில் முடி சூடினார். அதே டிரீவ்ஸின் மகள் அதற்கு 2 ஆண்டு முன்பு இதே நோயால் இறந்துபோனாள் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அறுவைக்குப் பிறகு குடல் வேலைநிறுத்தம் செய்தது. வயிறு உப்பிக்கொண்டே போனது. 'காற்று பிரிந்ததா?' என்று டாக்டர், நர்ஸ், துப்புரவு அம்மா வரை எல்லோரும் கேட்டார்கள். ஒருநாள் விடியற்காலை அது நடந்தது. வார்டே கொண்டாடியது, நான் மிகைப்படுத்தவில்லை. குழாயின் முனையிலிருந்த பையில் முதலில் கலங்கிய, நாற்றமுள்ள திரவம் வந்தது. போகப்போக வெளிறி, தெளிந்த வைக்கோல் நிறத்துக்கு வந்தது. நர்ஸ் தினமும் அளந்து எழுதிக்கொள்வார். அளவு குறைந்த பிறகே குழாயை உருவினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, மறுபடி காய்ச்சலோ விடாத வயிற்றுப்போக்கோ வந்தால் உள்ளே சீழ் தேங்கியிருக்கலாம், வாந்தியும் வயிற்று உப்பசமும் வந்தால் குடல் ஒட்டி அடைத்திருக்கலாம், உடனே வாருங்கள் என்றார்கள்.

உன் மகளுக்குத் தேர்வு நேரத்தில் வயிறு வலிக்கும் என்று எழுதியிருந்தாய். வந்து போகும் வலி, பசி இருக்கிறது, ஓடியாடுகிறாள் என்றால் இதை நினைத்துப் பதற வேண்டாம். ஆனால் வலி முதலில் வந்து, வாந்தி பிறகு வந்து, பசி அடியோடு போய், மணிக்கணக்கில் விடாமல் ஏறினால் காத்திருக்காதே. இருமினாலோ குதித்தாலோ வலதுபக்கம் சுள்ளென்றால் இன்னும் சந்தேகம். பெண் பிள்ளை என்பதால் சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொண்டாலும் இப்படியே வலிக்கும், அதுவும் அவசரம்தான். எதுவாக இருந்தாலும் பேதி மருந்து கொடுக்காதே, ஒத்தடமும் வேண்டாம். டாக்டர் பார்க்கும்வரை சாப்பிடக் கொடுக்காமல் இருப்பது நல்லது, ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்கும். வலி தொடங்கி ஒன்றரை நாள் தாண்டினால் வெடிக்கும் அபாயம் ஏறிக்கொண்டே போகும் என்றார் டாக்டர். சிலருக்கு அதற்கு முன்பேகூட நடக்கலாமாம்.

அண்ணன் இப்போது வாசல் வரை நடக்கிறார். பாரம் தூக்கக்கூடாது என்றால் கேட்பதில்லை. அண்ணியிடம் திட்டு வாங்குவதைப் பார்த்தால் தேறிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. அறுத்தெடுத்த குடல்வாலைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர் என்பதால், உள்ளே கட்டி ஏதும் இருந்து அடைத்ததா என்று பார்க்க வேண்டுமாம். புண் ஆறியதும் பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்க்கவும் சொல்லியிருக்கிறார்கள். முடிவு வந்ததும் எழுதுகிறேன். நீ மறுபடி எழுதும்போது அண்ணனுக்கும் தனியாக நாலு வரி எழுது. உன் கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்