பொருள்: கிட்டில் போல்ட் நீளக் குறைவு, லாக் நட் பொருத்தும் முறையில் பிழை – புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா / அம்மையீர்,

உங்கள் ரேடியோ கண்ட்ரோல் கார் கிட்டில் வரும் எம்3 (3 மி.மீ. மரை) அலுமினிய லாக் நட்டுகள், அதாவது உள்ளே இருக்கும் நைலான் வளையத்தால் தளராமல் பிடிக்கும் நட்டுகள், தரமானவை. அவற்றோடு கொடுத்த போல்ட்டும், கையேட்டில் சொல்லியிருக்கும் முறையும்தான் தவறு.

போல்ட் கடக்க வேண்டிய தடிமன் இது: ஷாக் டவர் (ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தகடு) 4 மி.மீ., அதன் பின்தகடு 2 மி.மீ., வாஷர் 0.5 மி.மீ., நட்டின் உயரம் 4 மி.மீ. மொத்தம் 10.5. நைலானைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். எம்3-க்கு அது 1 மி.மீ. ஆக 11.5 மி.மீ. தேவை. பையில் இருப்பதோ 10 மி.மீ. போல்ட். நுனி நைலானுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்த நுனியும் சரிவாகச் சீவியது என்பதால் நைலானில் சரியாகக் கடிப்பதில்லை. வண்டி நாலு முறை குதித்தாலே நட்டு தளர்கிறது.

அதைவிடக் கவலை தருவது, நட்டை இம்பாக்ட் டிரைவரால் (தட்டித் தட்டி வேகமாக முறுக்கும் மின்கருவி) முறுக்கச் சொல்லும் கையேட்டு வரி. நைலான் வளையத்தில் மரை கிடையாது; போல்ட்தான் அதில் தடம் பதித்துக்கொண்டு போகிறது. வேகமாகச் சுற்றினால் உராய்வுச் சூட்டில் நைலான் இளகிப் பிடிப்பை இழக்கும். அலுமினிய மரையும் எஃகு போல்ட்டுக்கு ஈடு கொடுக்காது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரை இடுக்கில் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். அந்த நட்டு இனி எவ்வளவு சுற்றினாலும் இறுகாது.

நைலான் பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து, முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்ற வேண்டும். அங்கேயே சிக்கினால் மரை கோணலாக ஏறியிருக்கிறது. கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். பிறகு போல்ட் தலையை ஆலன் கீயால் அசையாமல் பிடித்து, 5.5 மி.மீ. ஸ்பேனரால் நட்டை மெதுவாகத் திருப்ப வேண்டும். நைலானைத் தொட்டதும் கை கனக்கும். அது இறுகியதன் அடையாளம் அல்ல. புதிதாகப் பூட்டுபவர் அங்கேயே நிறுத்திவிடுவார், பாகம் ஆடும். நட்டு வாஷரில் உட்கார்ந்த பிறகு சிறிது இறுக்கினால் போதும். இதில் ஒரு வரிகூட உங்கள் கையேட்டில் இல்லை. கழற்றிய நட்டு விரலாலேயே முழுக்க ஏறினால் அதை மாற்ற வேண்டும் என்பதும் இல்லை.

திரெட்லாக்கர் (மரை தளராமல் இருக்கப் பூசும் பசை) பூசச் சொல்வதையும் நீக்குங்கள். இந்த நட்டுக்கு அது தேவையே இல்லை.

எனவே, 12 மி.மீ. போல்ட்டுகளையும், மரை போனவற்றுக்கு ஈடாகப் புது நட்டுகளையும் அனுப்புங்கள். இந்த நட்டுக்கான முறுக்கு விசை அளவைச் சேர்த்து, திருத்திய கையேட்டை ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்