கூழ்ப்பானையில் விழுந்தது என்ன கரி? காற்றுத் தர அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் தென் டர்பனின் காற்றைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது. எங்கள் குடியிருப்பான மெர்பேங்க் எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்பதெல்லாம் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. எங்கள் மாரியம்மன் கோயிலில் போன ஆடி மாதம் நடந்ததையும், அதற்கு எங்களுக்குக் கிடைத்த பதிலையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆடி மூன்றாம் வெள்ளி. கூழ் காய்ச்சும் நாள். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு நாங்கள் ஐந்து பெண்கள் பானைகளைத் துலக்கி, முற்றத்து மேடையில் கவிழ்த்து வைத்து, புதிதாகத் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை மேலே விரித்துவிட்டுப் போனோம். காலை நான்கு மணிக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வேட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். கடுகில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும். விரலால் தட்டினேன், போகவில்லை. தேய்த்தேன், கண்மை இழுத்தாற்போல் வால் விட்டு நீண்டது. வேட்டியை எடுத்துவிட்டுக் கூழைக் காய்ச்சினோம். இறக்கி ஆறவைத்த அரைமணி நேரத்தில் வெள்ளைக் கூழின் ஏட்டின் மேல் அதே புள்ளிகள். கரண்டி நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தோம். கரண்டி பட்ட இடத்தில் எண்ணெய் வளையம் நின்றது. அம்மனுக்குப் படைக்க வேண்டிய கூழ் அது. பிறகு முந்நூறு பேர் குடிக்க வேண்டியது, அதில் பாதிப் பேர் குழந்தைகள். இரண்டு பானையை அப்படியே மண்ணில் கொட்டினோம். கொட்டும்போது ஒருவரும் பேசவில்லை.

புகார் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் உங்கள் தரப்பிலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும். வேட்டியைப் பார்த்தார், எங்கள் அடுப்பைப் பார்த்தார். உங்கள் விறகுக் கரியாக இருக்கும், இல்லையென்றால் கரும்புத் தோட்டத்துச் சாம்பலாக இருக்கும், பக்கத்திலிருந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள்தான் நின்றுவிட்டனவே என்றார். தண்ணீர் விட்டுக் கழுவிவிடச் சொன்னார். போய்விட்டார். துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள் என்று கேட்டேன். அதற்கு விதியில் இடமில்லை என்றார்.

ஐயா, அம்மா, வேட்டியில் புள்ளி விழுந்தது இரவில். அடுப்பு மூட்டியது காலை ஐந்து மணிக்கு.

கரும்புச் சாம்பலைப் பற்றி என் மாமியாரைக் கேளுங்கள். எண்பத்து நான்கு வயது. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில், கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை டர்பனில் கொண்டுவந்து இறக்கியதே கரும்புக்காகத்தானே. அறுவடைக்கு முன் தோகைக்குத் தீ வைத்தால் சாம்பல் எப்படிப் பறக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நீளநீளமாக, இலையின் நரம்புகூடத் தெரியும்படி வந்து விழும், தொட்டால் பொடியாகும், தண்ணீர் பட்டால் ஓடிவிடும் என்கிறார். வேட்டியைக் கையில் வாங்கி முகர்ந்துவிட்டு, "இது எண்ணெய்க் கரி" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

அவர் சொன்னதை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டாம். என் மூக்கையோ கண்ணையோ நம்பவும் வேண்டாம். இந்தக் கரி எதனால் ஆனது என்று சோதித்துச் சொல்லுங்கள். எங்கள் கோரிக்கை இது ஒன்றுதான்.

நாகப்பட்டினத்திலிருந்து மருமகளாக வருவதற்கு முன் நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். கரிக்கும் பூர்வீகம் உண்டு, அதைக் கண்டுபிடிக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். விறகானாலும் கரும்புத் தோகையானாலும் அதிலுள்ள செல்லுலோஸ் எரியும்போது லெவோகுளுக்கோசான் என்ற சர்க்கரைப் பொருள் உண்டாகும், கூடவே பொட்டாசியம் இருக்கும். எண்ணெய்க் கரியில் அந்தச் சர்க்கரை இருக்காது. கப்பலிலும் கொதிகலனிலும் எரியும் கனத்த எண்ணெயின் சாம்பலில் வனேடியம், நிக்கல் என்ற உலோகங்கள் இருக்கும். லாரி பிரேக் தேய்ந்தால் செம்பு, பேரியம், ஆன்டிமனி. டயர் தேய்ந்தால் துத்தநாகம். எங்கள் அடுப்புதான் குற்றவாளி என்றால் இந்தச் சோதனை அதையும் காட்டிக் கொடுத்துவிடும். அப்படி வந்தால் அடுத்த ஆண்டே கேஸ் அடுப்புக்கு மாறுகிறோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் என்று வந்தால் அதைச் சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும்.

கோபுரத்தையும் பார்த்துவிடுங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில், மழை படும் சுதை வெளுத்துத் தேய்ந்திருக்கிறது. மழை படாத இடத்தில், துவாரபாலகரின் தாடைக்கு அடியிலும் அக்குளிலும், கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. எரிபொருளிலுள்ள கந்தகம் எரிந்து வரும் கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பில் பட்டால் சுண்ணாம்பு ஜிப்சமாக மாறும், மாறும்போது காற்றிலுள்ள கரியைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு பிளேடால் சுரண்டினால் போதும், எத்தனையோ ஆண்டுக் காற்றின் கணக்கு அதில் இருக்கும். இதே கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே சல்பேட்டாக மாறி, அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாகவும் நிற்கும். அது வேட்டியில் புள்ளியாக விழாது. அது போவது நெஞ்சுக்குள். என் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். ஆறு பேர் பையில் ஆஸ்துமா பம்ப்.

இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் இது அதிகம் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று தாழ்வாகப் படிய, மேலே சூடான காற்று மூடிபோல் நிற்கிறது. பிளஃப் குன்றுக்கும் பெரியா மேட்டுக்கும் நடுவே நாங்கள் பானைக்குள் இருப்பதுபோல் இருக்கிறோம். ஆடி மாதம் வருவது சரியாக அப்போதுதான்.

திறந்த வாளி வைத்து அதில் விழும் தூசியை அளக்கிறோம், வரம்புக்குள்தான் இருக்கிறது என்று ஒருவேளை சொல்வீர்கள். 2013ஆம் ஆண்டின் தூசி விதியில் குடியிருப்புப் பகுதிக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வரை அனுமதி. அது வெறும் எடைக் கணக்கு. சுரங்க மண்ணுக்கும் சாலைப் புழுதிக்கும் அது சரி. கரிக்கு எடை ஏது? 600 மில்லிகிராம் மணல் விழுந்தால் விளக்குமாற்றால் கூட்டிவிடலாம். அதில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய்க் கரி விழுந்தால் ஒரு பானைக் கூழும் தேறாது. ஆனால் உங்கள் தாளில் அது வரம்புக்குள் என்றே பதிவாகும். அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன்: எவ்வளவு விழுகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள், என்ன விழுகிறது என்று சொல்லுங்கள்.

ஆலைகள் நின்றுவிட்டன என்ற பதில்தான் என்னை அதிகம் சுட்டது. அந்த இரண்டு ஆலைகளில் 1954இல் தொடங்கியது 2020 டிசம்பர் 4ஆம் தேதி காலை வெடித்துத் தீப்பிடித்தபோது எங்கள் ஜன்னல்கள் அதிர்ந்தன. அதன்பின் அது சுத்திகரிப்பை நிறுத்தியது, 2022இல் மற்றதும் நிறுத்தியது. அவை ஓடியபோது எங்கள் கரிக்கு வேறு காரணம் சொன்னார்கள். இப்போது அவை நின்றதையே காரணமாகச் சொல்கிறார்கள். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று வகுத்த நிறவெறிக் காலத்துக் குழுப்பகுதிச் சட்டம் எங்கள் மக்களைப் புகைபோக்கிகளின் காலடியில் குடிவைத்தது, இடத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தச் சட்டம் போய் முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று, வீடுகள் அங்கேயேதான் இருக்கின்றன. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத சுற்றுச்சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. நிலக்கரி மின்நிலையங்கள் நிறைந்த முபுமலாங்கா மேட்டுநிலத்தின் நச்சுக் காற்று அந்த உரிமையை மீறுவதாக பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மெர்பேங்க் பிள்ளையின் நுரையீரலும் அதே நுரையீரல்தான்.

குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்கவும். பணிவாகவே கேட்கிறேன்.

மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை எங்கள் கோயில் மாடியில் ஒரு தூசி வாளி வையுங்கள், இடமும் ஏணியும் நாங்கள் தருகிறோம். அதில் சேர்வதை எடை போட்டபின் கொட்டிவிடாமல், மேலே சொன்ன பொருள்களுக்காக ஆய்வுக்கூடத்தில் சோதியுங்கள். முடிவு எதுவானாலும், எங்களுக்கு எதிராகவே இருந்தாலும், மாதாமாதம் கோயில் பலகையில் ஒட்டும்படி ஒரு தாளில் அனுப்புங்கள்.

அந்த வேட்டியை நான் துவைக்கவில்லை. மடித்து, மூடியிட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு, தேதி எழுதி மடப்பள்ளி அலமாரியில் வைத்திருக்கிறேன். வெள்ளி, ஞாயிறு காலைகளில் கோயில் திறந்திருக்கும். யார் வந்து கேட்டாலும் எடுத்துத் தருவேன்.

இப்படிக்கு,
மடப்பள்ளிப் பெண்கள் சார்பில்,
ஒரு தமிழாசிரியை,
மெர்பேங்க், டர்பன்